புதிய டைவர் எதை வாங்க வேண்டும், எதை வாடகைக்கு எடுக்கலாம்: வெதுவெதுப்பான கடல்களுக்கான ஸ்கூபா கருவி வழிகாட்டி

டைவிங்கின் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் கைக்கு வந்த கையோடு பலர் கருவிகளைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். டேங்கின் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டர், காற்றடித்து மிதப்பைச் சரிசெய்யும் பிசிடி என்கிற ஜாக்கெட், டார்ச், கேமரா என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆசையாக வாங்கிய முழு செட், வருடத்தில் ஒரே ஒரு முறை அந்தமானுக்குப் போய்விட்டு, மீதி நாளெல்லாம் அலமாரியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். அந்தக் காசில் எத்தனையோ டைவ் போயிருக்கலாம்.

அந்தமான், புதுச்சேரி, கர்நாடகத்தின் நேத்ராணி, இலங்கையின் திருகோணமலை போன்ற வெதுவெதுப்பான கடல்களில், 18 மீட்டர் ஆழத்துக்குள் டைவ் செய்யும் புதியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். குளிர்நாட்டு ஏரிகளுக்கும் ஆழமான கப்பல் சிதைவுகளுக்கும் தேவைப்படுவது வேறு.

என் கணக்கு இதுதான். உங்கள் உடம்புக்குச் சரியாகப் பொருந்தியே ஆக வேண்டிய பொருளை முதலில் வாங்குங்கள். உங்கள் டைவ்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பொருளை அடுத்து வாங்குங்கள். ஆபத்தில் உதவும் சின்னப் பொருட்கள் அதற்கு அப்புறம். கனமானதும் விலை அதிகமானதும் கடைசியில் வரட்டும். அதுவரை வாடகைக் கருவியைச் சோதித்து வாங்கத் தெரிந்திருந்தால் போதும்.

அந்தமான் சுற்றுலாவில் இன்ஸ்ட்ரக்டர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை இறங்கிப் பார்த்தவர்கள் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். முதலில் கோர்ஸ் முடியுங்கள். கோர்ஸில் சேரும்போது தரும் மருத்துவக் கேள்வித்தாளுக்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள். ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, இதயக் கோளாறு, வலிப்பு இதில் எது இருந்தாலும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இறங்கக் கூடாது.

முதல் படி: மாஸ்க்

மாஸ்க் ஒவ்வொரு முகத்துக்கும் வேறு. நண்பருக்கு அற்புதமாக இருந்தது உங்கள் கன்னத்தில் உட்காராது. அதனால் இதை இணையத்தில் படம் பார்த்து வாங்காதீர்கள். கடைக்கோ டைவ் சென்டருக்கோ நேரில் போய்ப் போட்டுப் பாருங்கள்.

சோதிக்கும் முறை எளிது. பட்டையைப் பின்னால் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் மெதுவாக வையுங்கள். முடி உள்ளே சிக்காமல் ஒதுக்கிவிட்டு, மூக்கால் லேசாகக் காற்றை உள்ளே இழுங்கள். கையை எடுத்தாலும் மாஸ்க் முகத்திலேயே ஒட்டி நிற்க வேண்டும். உஸ் என்று எங்கிருந்தாவது காற்று நுழைந்தால் அது உங்கள் மாஸ்க் இல்லை. அடுத்து, வாயில் ரெகுலேட்டர் மவுத்பீஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டு அதே சோதனையைச் செய்யுங்கள். வாய் திறக்கும்போது கன்னத்தின் வடிவம் மாறும். கடையில் கச்சிதமாக இருந்த மாஸ்க் கடலில் ஒழுகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மீசை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். மூக்குக்குக் கீழே மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு உட்காரும் இடத்தில் முடி இருந்தால் தண்ணீர் கசியும். மீசையை முழுக்க எடுக்கத் தேவையில்லை. மூக்கை ஒட்டி மெல்லிய கோடாக மட்டும் மழித்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் மனமில்லை என்றால் அந்த இடத்தில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவலாம். வாஸ்லின் வேண்டாம், அது சில பொருட்களைக் கெடுத்துவிடும்.

நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டைவ் செய்ய முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. ஆழம் கூடக் கூட மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று சுருங்கும். மூக்கு உள்ளே இருந்தால்தான் கொஞ்சம் காற்றை ஊதி அதைச் சரிசெய்ய முடியும். இல்லாவிட்டால் கண்ணைச் சுற்றி இரத்த நாளங்கள் வெடித்துச் சிவந்துவிடும்.

உள்ளளவு குறைவான, டெம்பர்டு கண்ணாடி போட்ட மாஸ்க்காகப் பாருங்கள். கண் பவர் இருப்பவர்கள் இரண்டு கண்ணாடிகள் தனித்தனியாக உள்ள மாடலை எடுத்தால், பவர் லென்ஸ் மாற்றிக்கொள்ளலாம். கிட்டப்பார்வைக்குத் தயார் லென்ஸ்கள் கிடைக்கும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குத் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டியிருக்கும்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். அதைப் போக்காவிட்டால் என்ன தடவினாலும் பனி படிந்துகொண்டே இருக்கும். ஜெல் அல்லாத வெள்ளை டூத்பேஸ்ட்டை உள்பக்கம் விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு முறை போதாது, மூன்று நான்கு முறை செய்யுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு டைவுக்கு முன்பும் தண்ணீர் கலந்த குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு விட்டு அலசினால் போதும்.

மாஸ்க் ஒழுகினால் எல்லோரும் பட்டையை இறுக்குவார்கள். அதனால் சிலிக்கான் மடங்கி இன்னும் ஒழுகும். கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஆழத்தில் தண்ணீரின் அழுத்தமே மாஸ்க்கை முகத்தோடு அழுத்திவைக்கும்.

இரண்டாம் படி: டைவ் கம்ப்யூட்டர்

ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேரும். எவ்வளவு சேர்ந்தது, இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், எவ்வளவு வேகமாக மேலே ஏறுகிறீர்கள் என்பதைக் கணக்கிட்டுச் சொல்வது கம்ப்யூட்டர். முதல் டைவில் சேர்ந்த நைட்ரஜன் இரண்டாவது டைவிலும் உடம்பில் மிச்சம் இருக்கும். காலையில் ஒரு வாடகைக் கம்ப்யூட்டர், மதியம் வேறொன்று என்று மாற்றினால், இரண்டாவது கருவிக்குக் காலையில் நடந்தது எதுவும் தெரியாது. நீங்கள் அப்போதுதான் புதிதாக இறங்குவதாகவே அது கணக்குப் போடும். அதனால்தான் இதை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன்.

பட்டி, அதாவது உங்களோடு ஜோடியாக இறங்குபவரோடு சேர்ந்து ஒரே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதும் தவறு. இரண்டு மீட்டர் மேலே மிதந்தவருக்கும் கீழே தரையை ஒட்டிப் போனவருக்கும் கணக்கு ஒன்றல்ல. கைடு கையில் இருப்பது கைடுடையது.

வாங்கும்போது எழுத்து பெரிதாகத் தெரிகிறதா, பொத்தான் எளிதாக அழுந்துகிறதா என்று பாருங்கள். பேட்டரியை நாமே மாற்றலாமா, அல்லது சார்ஜ் செய்வதா என்பதையும் கேளுங்கள். ஆக்ஸிஜன் கூடுதலாக உள்ள நைட்ராக்ஸ் காற்றுக்கான வசதி இப்போது ஏறக்குறைய எல்லா அடிப்படை மாடலிலும் இருக்கிறது. சூன்டோ, கிரெஸ்ஸி, மாரெஸ் நிறுவனங்களின் ஆரம்பநிலைக் கம்ப்யூட்டர்கள் புதியவருக்குத் தாராளமாகப் போதும். கனடாவின் ஷியர்வாட்டர் திரையின் தெளிவுக்காகப் பேர் பெற்றது, விலையும் அதற்கேற்றபடி இருக்கும். டேங்க் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் மணிக்கட்டில் காட்டும் வசதி சொகுசுதான், இப்போது தேவையில்லை.

வாங்கியதும் கையேட்டைப் படியுங்கள். படகில் உட்கார்ந்து பொத்தானைத் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பொருள் இல்லை இது. மேலே ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றுவிட்டு ஏறுங்கள். இந்த இரண்டையும் கண்முன்னே காட்டிக்கொண்டிருப்பதற்காகவே கம்ப்யூட்டருக்குக் கொடுத்த காசு தகும்.

மூன்றாம் படி: சின்னப் பொருட்கள்

எஸ்எம்பி என்கிற ஆரஞ்சு நிற மிதவை, ஒரு விசில், ஒரு லைன் கட்டர். மூன்றும் சேர்ந்தாலும் காலில் மாட்டும் ஃபின்ஸ் ஒரு நல்ல ஜோடியின் விலை வராது.

அந்தமானிலும் திருகோணமலையிலும் நீரோட்டம் உங்களைப் படகிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்விடும். அலைக்கு நடுவே கறுப்பு வெட்சூட் போட்ட ஒரு தலை படகோட்டியின் கண்ணில் படுவது கஷ்டம். ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிற்கும் ஆரஞ்சுக் குழாய் தூரத்திலிருந்தே தெரியும். மீன்பிடிப் படகுகள் போய்வரும் இடத்தில், கீழே ஆள் இருக்கிறது என்று சொல்லும் கொடியும் அதுதான். ஆனால் கற்றுக்கொள்ளாமல் பயன்படுத்தாதீர்கள். தண்ணீருக்கடியில் ஊதும்போது நூல் சிக்கினால் மிதவை உங்களையும் சேர்த்து மேலே இழுக்கும். அப்படி ஆனால் உடனே கையை விட்டுவிட வேண்டும், மிதவை போனால் போகட்டும். ஒரு முறை இன்ஸ்ட்ரக்டரோடு இதற்கென்றே பயிற்சி எடுங்கள்.

கட்டர் எதற்கு என்றால், வலைக்கு. அறுந்து கிடக்கும் மோனோஃபிலமென்ட் வலையும் தூண்டில் நரம்பும் நம் கடற்கரைகளில் சகஜம். தண்ணீரில் அது கண்ணுக்கே தெரியாது. டேங்க் வால்வில் பின்பக்கமாகச் சிக்கினால் கை எட்டாது, பட்டிதான் அறுத்துவிட வேண்டும். பெரிய கத்தியைக் காலில் கட்டிக்கொள்வதைவிட, பிசிடி பட்டையில் மாட்டும் சின்னக் கட்டர் பாதுகாப்பானது, வேகமாகவும் வெட்டும். விமானத்தில் செக்-இன் பையில் வையுங்கள்.

நான்காம் படி: வெயிட்டைச் சரிசெய்வது

இதில் வாங்க எதுவும் இல்லை. கீழே இறங்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய வெயிட்டை டைவ் சென்டரே தரும். ஆனால் புதியவரின் டைவ் நன்றாக அமைவதும் பாழாவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு வேகமாகக் கீழே போனார்கள், ஏறும்போது கல்லை விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு மூச்சு இருந்தது ஒன்றிரண்டு நிமிடம். கீழே இழுப்பதற்குத்தான் அந்தக் கல். ஸ்கூபாவில் ஈயத்தின் வேலை வேறு. உங்கள் உடம்பும் வெட்சூட்டும் மிதக்கிற அளவை ஈடுகட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அதற்கு மேல் கட்டும் ஒவ்வொரு கிலோவுக்கும் பிசிடியில் காற்றடித்து ஈடுகட்ட வேண்டிவரும். அந்தக் காற்று ஆழத்துக்கு ஆழம் சுருங்கி விரியும். நீங்கள் ஏறி இறங்கித் தத்தளிப்பீர்கள், களைப்பீர்கள், காற்றும் சீக்கிரம் தீரும்.

அவசரத்தில் இருக்கும் கைடு புதியவருக்குக் கூடுதலாக ஒன்றிரண்டு கட்டி கட்டிவிடுவது வழக்கம். கீழே போகாமல் மிதக்கிறவரைச் சமாளிப்பதைவிட அது அவருக்கு எளிது. கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். 3 மில்லிமீட்டர் சூட்டும் அலுமினியம் டேங்கும் என்றால் பலருக்கு 4 முதல் 6 கிலோ போதும். உடல்வாகைப் பொறுத்து இது மாறும், அதனால் சோதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

முழுக் கருவிகளோடு, ஆழமான இடத்தில் மேற்பரப்பில் நிமிர்ந்து மிதங்கள். ரெகுலேட்டர் வாயில் இருக்கட்டும். பிசிடியில் இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். கால்களை ஆட்டாமல், சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்துச் சற்று நிறுத்துங்கள். தண்ணீர் மட்டம் உங்கள் கண்ணுக்கு நேராக வர வேண்டும். மூச்சை விட்டதும் மெதுவாக இறங்க வேண்டும். மூச்சு உள்ளே இருக்கும்போதே மூழ்கினால் ஈயம் அதிகம். மூச்சை முழுக்க விட்டும் தலை உள்ளே போகவில்லை என்றால் குறைவு. முதல் சில டைவ்களில் பயத்தில் கால் தானாகவே உதைத்துக்கொண்டிருக்கும், அதனாலும் மூழ்காது. கால்களைக் குறுக்கே பின்னிக்கொண்டு சோதித்தால் உண்மை தெரியும்.

ஒரு நுணுக்கம். நம் டைவ் சென்டர்களில் பொதுவாகத் தரும் அலுமினியம் 80 டேங்கின் உள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் அதற்குள் இருக்கும் காற்றின் எடை மட்டும் ஏறக்குறைய 2.7 கிலோ. 50 பாரில் மேலே வரும்போது அதில் 2 கிலோ காற்றை நீங்கள் சுவாசித்து முடித்திருப்பீர்கள். ஆரம்பத்தில் மூழ்கிய டேங்க் கடைசியில் மிதக்கப் பார்க்கும். அதனால் நிறைந்த டேங்கோடு சோதித்தால் கூடுதலாக 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். அல்லது டைவ் முடிந்து 50 பாரில் இருக்கும்போது சோதியுங்கள், அதுதான் நம்பகமானது. 5 மீட்டரில் கடைசி மூன்று நிமிடம் மிதந்து மேலே போய்விடாமல் நிற்க முடிய வேண்டும். எடை சரியா என்று தீர்மானிப்பது அந்த இடம்தான்.

சென்னையில் நீச்சல் குளத்தில் பயிற்சி எடுத்தவர்களுக்கு இன்னொன்று. கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தி அதிகம். ஆளும் கருவிகளுமாகச் சேர்ந்து 90 கிலோ என்றால் கடலில் 2 கிலோவுக்கு மேல் கூடுதலாகத் தேவைப்படும். குளத்தில் குறித்த எண்ணைக் கடலுக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

டைவ் முடிந்ததும் நோட்டில் எழுதிவையுங்கள்: எந்த சூட், எந்த டேங்க், எத்தனை கிலோ, கடைசியில் எப்படி இருந்தது. அடுத்த ஊரில் அடுத்த கைடு கேட்கும்போது பதில் கையில் இருக்கும்.

ஐந்தாம் படி: வெட்சூட்டும் ஃபின்ஸும்

நம் கடல்களில் தண்ணீர் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி இருக்கும். அப்படியிருந்தும் குளிரும். உடம்புச் சூட்டைத் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உறிஞ்சிவிடும். 3 மில்லிமீட்டர் முழு சூட் நல்ல தேர்வு. அரைக்கை அரைக்கால் சூட்டைவிட முழு சூட்டையே நான் சொல்வேன். ஜெல்லி மீன், அரிப்புத் தரும் ஹைட்ராய்டுகள், படகின் வெயில் மூன்றிலிருந்தும் காக்கும். உலர்ந்திருக்கும்போது கொஞ்சம் இறுக்கமாகத் தெரிய வேண்டும். முதுகின் கீழ்ப்பகுதியில் பை போல இடைவெளி இருந்தால் தண்ணீர் உள்ளே போய்வந்துகொண்டே இருக்கும், சூட் போட்டும் பயனில்லை.

ஃபின்ஸில் காலை முழுக்க மூடும் வகை, பூட்டி என்கிற காலணியோடு போடும் திறந்த குதிகால் வகை என்று இரண்டு. படகிலிருந்து மட்டும் இறங்குகிறவர்களுக்கு முதல் வகை போதும், பைக்கும் லேசு. கரையிலிருந்து கல்லிலும் பவளச் சில்லிலும் நடந்து இறங்குவதாக இருந்தால் இரண்டாவது. ஃப்ரீடைவிங்குக்கான நீள ஃபின்ஸ் வேண்டாம். பவளத்தில் இடிக்கும்.

கையுறை வாங்காதீர்கள். கையில் உறை இருந்தால் எதையாவது பிடிக்கத் தோன்றும். இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு. அதோடு, ஒரு கை பிடித்து உடைப்பது வளர்ந்து வரப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆறாம் படி: வாடகைக் கருவியைச் சோதிப்பது

ரெகுலேட்டரும் பிசிடியும் இன்னும் சில காலம் வாடகைதான் என்பதால், அவற்றைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். படகேறிய பிறகு பார்த்தால் மாற்ற வேறு செட் இருக்காது. கரையிலேயே பாருங்கள்.

மவுத்பீஸிலிருந்து தொடங்குங்கள். பல் பதியும் இடத்தில் ரப்பர் கிழிந்திருக்கிறதா, பிளாஸ்டிக் டை இறுக்கும் இடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று விரலால் இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சிலும் ஒரு மடக்கு உப்புத்தண்ணீர் வருவதற்கு இந்தச் சின்னக் கிழிசல் போதும். ஹோஸ்கள் உலோகத்தோடு சேரும் இடத்தில் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் முதலில் தெரியும்.

டேங்கின் வால்வைத் திறந்ததும் காற்றை முகர்ந்து பாருங்கள். நல்ல காற்றுக்கு வாசனையே இருக்காது. எண்ணெய், புகை வாசனை வந்தால் அந்த டேங்கை வைத்துவிடுங்கள். எல்லோருக்கும் சொல்லுங்கள், அதே கம்ப்ரஸரில்தான் மற்ற டேங்குகளும் நிரம்பியிருக்கும்.

அடுத்தது மிக முக்கியம். பிரஷர் கேஜைக் கண்முன்னே பிடித்துக்கொண்டு ரெகுலேட்டரில் நான்கைந்து முறை நன்றாக மூச்சு இழுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து எழுந்தால் வால்வு முழுக்கத் திறக்கவில்லை என்று அர்த்தம். மேற்பரப்பில் மூச்சு வரும், 15 மீட்டரில் திணறும். ஆக்டோபஸ் என்கிற உபரி மவுத்பீஸிலும் மூச்சு விட்டுப் பாருங்கள். அதை யாரும் சோதிப்பதில்லை, தேவைப்படுவதோ அவசரத்தில்.

பிசிடியை முழுக்க ஊதிவிட்டுச் சில நிமிடம் அப்படியே வையுங்கள். தளர்ந்தால் எங்கோ கசிகிறது. ஊதும் பொத்தானை அழுத்தி விடுங்கள், விட்ட கணமே காற்று நிற்க வேண்டும். உப்புப் பிடித்த பொத்தான் சிக்கிக்கொண்டால் பிசிடி தானாகவே நிறைந்து உங்களை மேலே தூக்கிவிடும். காற்றை வெளியேற்றும் எல்லா வால்வுகளும் எங்கே இருக்கின்றன என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்கைப் பிடிக்கும் பட்டையை நனைத்த பிறகு இறுக்குங்கள். உலர்ந்த பட்டை தண்ணீரில் நனைந்ததும் தளர்ந்து டேங்க் நழுவும்.

இதெல்லாம் சேர்ந்து ஐந்து நிமிட வேலை. இப்படிச் சோதிப்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் டைவ் சென்டர் என்றால் வேறு இடம் பாருங்கள். நல்ல இடங்களில் சந்தோஷமாக மாற்றித் தருவார்கள்.

ஏழாம் படி: ரெகுலேட்டரும் பிசிடியும் சொந்தமாக

வருடத்தில் பல முறை டைவ் செய்கிறீர்கள், தொடர்ந்து செய்யப் போகிறீர்கள் என்று உறுதியானதும் இதற்கு வாருங்கள்.

ரெகுலேட்டரின் அடிப்படை 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் செய்ததுதான்: இழுத்தால் மட்டும், சுற்றியுள்ள அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தருவது. இன்று பேர் பெற்ற எந்த நிறுவனத்தின் நடுத்தர மாடலும் 18 மீட்டரில் நன்றாகவே சுவாசிக்கும். பேலன்ஸ்டு வகையாக இருந்தால் டேங்கில் காற்று குறையும்போதும் மூச்சு கனக்காது. குளிர்நீருக்கான விசேஷ மாடல்களுக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதை இங்கே சர்வீஸ் செய்வது யார் என்பது. பெரும்பாலான நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு முறை அல்லது 100 டைவுக்கு ஒரு முறை சர்வீஸ் சொல்லும், சில இரண்டு வருடம் வரை அனுமதிக்கும். உங்கள் ஊரிலோ, நீங்கள் வழக்கமாகப் போகும் டைவ் சென்டரிலோ அந்தப் பிராண்டின் உதிரிபாகமும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாவிட்டால், எவ்வளவு உயர்ந்த ரெகுலேட்டரும் தலைவலிதான்.

டேங்கோடு இணைக்கும் விதம் இரண்டு: வெளியிலிருந்து கவ்வும் யோக், உள்ளே திருகும் டின். நம் பகுதியில் யோக் அதிகம். டின் வாங்கி ஒரு யோக் அடாப்டரும் வைத்துக்கொண்டால் இரண்டு இடத்திலும் சமாளிக்கலாம்.

பிசிடி வாங்கும்போது போட்டுப் பார்த்து, ஊதியும் பாருங்கள். ஊதினால் நெஞ்சை அமுக்கக் கூடாது, தோளிலிருந்து மேலே ஏறக் கூடாது. ஜாக்கெட் வகை மேற்பரப்பில் நிமிர்த்தி வைக்கும், நீங்கள் பழகியிருப்பதும் அதுதான். முதுகுப்பக்கம் மட்டும் காற்று நிற்கும் வகை தண்ணீருக்கடியில் உடம்பைக் கிடையாக வைக்க உதவும், ஆனால் மேற்பரப்பில் முகத்தை முன்னால் சாய்க்கும். உள்நாட்டு விமானங்களில் செக்-இன் பை பெரும்பாலும் 15 கிலோ என்பதால் 3 கிலோவுக்குள் இருக்கும் பயண மாடல்களைப் பாருங்கள்.

பழைய கருவி வாங்கலாமா? ஃபின்ஸ், பிசிடி தாராளமாக வாங்கலாம். ரெகுலேட்டர் என்றால் சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். இல்லாவிட்டால் முழு சர்வீஸ் செலவையும் புது ஹோஸ் விலையையும் கூட்டிப் பாருங்கள், பல நேரம் புதிதின் விலையை நெருங்கிவிடும்.

கேமரா பற்றி ஒரே வரி: 5 மீட்டரில் கையை ஆட்டாமல் மூன்று நிமிடம் அப்படியே நிற்க முடிகிற நாள் வரை வேண்டாம். அதற்கு முன் ஒரு சின்ன டார்ச் வாங்குங்கள். சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே மங்கிவிடும். பகலிலும் வெளிச்சம் காட்டினால்தான் பவளத்தின் நிஜமான நிறம் தெரியும்.

எட்டாம் படி: டைவ் நாள்

காற்றைக் கணக்குப் போடத் தெரிந்துகொள்ளுங்கள். புதியவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வைப்போம். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆக 40 லிட்டர். 18 மீட்டரில் 2.8 மடங்கு, ஆக 56 லிட்டர். 11.1 லிட்டர் டேங்கில் 200இலிருந்து 50 பார் வரை கிடைப்பது 1,665 லிட்டர். 10 மீட்டரில் அது 41 நிமிடம் வரும், 18 மீட்டரில் 30 நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி 18 மீட்டரில் முதல் டைவுக்கு அனுமதி 56 நிமிடம். நைட்ரஜன் கணக்கு முடிவதற்கு வெகு முன்பே உங்கள் காற்று முடிந்துவிடும் என்பது இதில் தெரிகிறது. நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் ஆழத்தைக் குறையுங்கள். புதியவர்களுக்கு 10, 12 மீட்டர்தான் அழகான ஆழம், வெளிச்சமும் மீனும் அங்கேதான் அதிகம்.

100 பாருக்கு வரும்போது கைடுக்குச் சைகை காட்டுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். 50 பாரோடு மேலே இருக்க வேண்டும்.

காது அடைப்பை வலி வந்த பிறகு எடுக்காதீர்கள். மேற்பரப்பிலேயே ஒரு முறை, பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முறை, மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதுங்கள். அடைத்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி செய்யுங்கள். பலமாக ஊதக் கூடாது. சளி இருந்தால் அன்று டைவ் வேண்டாம். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், அதன் வேகம் பாதி டைவில் தீர்ந்து, ஏறும்போது காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும்.

எங்கே, எப்போது என்பதும் கருவியைப் போலவே ஒரு தேர்வு. திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம், இலங்கையின் மேற்கும் தெற்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அந்தமானுக்கு நவம்பர் முதல் மே வரை போகலாம். மட்டக்களப்புக்கு வெளியே 1942இல் மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. எந்தக் கருவி வாங்கினாலும் அது உங்கள் ஆழம் ஆகிவிடாது, அதற்குப் பல வருடப் பயிற்சி வேண்டும்.

காப்பீட்டையும் பாருங்கள். பல பயணக் காப்பீட்டுப் பாலிசிகள் ஸ்கூபாவை ஏற்பதில்லை. டான் போன்ற டைவர்களுக்கான அமைப்புகள் தரும் காப்பீட்டில், நைட்ரஜனால் வரும் கோளாறுக்கான அழுத்த அறைச் சிகிச்சையும் அடங்கும். அருகில் அழுத்த அறை எங்கே இருக்கிறது என்று டைவ் சென்டரில் முதல் நாளே கேட்டுவையுங்கள்.

ஒன்பதாம் படி: திரும்பி வந்த பிறகு

உப்பு உலர்வதற்கு முன் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். அலசுவது மட்டும் போதாது. ரெகுலேட்டரில் டேங்கோடு இணையும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாயில் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், மூடியை முதலில் துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். டேங்கில் மாட்டாமல் ஊறவைக்கும்போது மவுத்பீஸ் பகுதியில் இருக்கும் பர்ஜ் பொத்தானை அழுத்தக் கூடாது, அழுத்தினால் தண்ணீர் ஹோஸ் வழியாக உள்ளே போய்விடும். பிசிடிக்குள்ளும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள், பாதி ஊதிய நிலையில் தொங்கவிடுங்கள். நிழலில் காயட்டும், வெயில் சிலிக்கானையும் வெட்சூட்டின் நியோப்ரீன் ரப்பரையும் கெடுக்கும். சென்னை மாதிரி ஈரப்பதமான ஊரில் மாஸ்க்கை அதன் டப்பாவில் ஈரத்தோடு மூடிவைத்தால் ஒரே மாதத்தில் கறுப்புப் புள்ளி விழும்.

விமானத்தைப் பொறுத்தவரை, ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் அல்லது பல நாட்கள் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறது டான். நான் முழுதாக ஒரு நாள் விடச் சொல்வேன். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் கடைசி நாள் காலை டைவ், மாலையில் போர்ட் பிளேரிலிருந்து விமானம் என்று டிக்கெட் போடாதீர்கள். அந்தக் கடைசி நாளில் சூட்டையும் பிசிடியையும் காயப்போடுங்கள். ஈரமான நியோப்ரீன் பையில் ஒன்றிரண்டு கிலோ கூட்டிவிடும். டார்ச்சின் லித்தியம் பேட்டரிகளைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள், கட்டர் செக்-இன் பைக்குப் போகட்டும், மாஸ்க்கும் கம்ப்யூட்டரும் கையோடு வரட்டும்.